ஏறாதவன்

முதல் ராத்திரியே நான் வாந்தி எடுத்தேன்,
குரோம்பேட்டை மாடியறையில்,
கோதண்டத்தின் ரெக்கார்ட் நோட்டு மேல்.
ஹபீப் அழுதான், எவளையோ நினைத்து.
கோதண்டம் நடுநிசியில் ஹெச்.ஓ.டி.க்குப் போன் போட்டு
நியாயம் கேட்கப் போனான்.
பரிதி மட்டும்
ஊறுகாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபடி
ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்,
பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்தவன் போல.

எங்களைப் போல் இரண்டு மடங்கு குடித்திருந்தான்.
ஒரு குழறல் இல்லை.
ஒற்றைக் காலில் நில் என்றோம்;
நின்றான்.
தண்ணீர் பாக்கெட்டால் என் முகத்தைக் கழுவி,
நோட்டை ஃபேனுக்கு அடியில் விரித்துவைத்து,
ஹபீபைத் துண்டால் தன் இடுப்போடு கட்டி
ஸ்ப்ளெண்டரில் பல்லாவரம் வரை கொண்டுவிட்டு வந்தான்.

'இவனுக்கு மட்டும் ஏறவே ஏறாதுடா'
என்றோம் மறுநாள் கேன்டீனில்.
கைகூடத் தட்டினோம்.

'எங்கப்பாவுக்கும் ஏறாது' என்றான்.
பெருமையாகத்தான் சொன்னான்,
உயரம் அப்பா மாதிரி, மூக்கு அப்பா மாதிரி
என்று சொல்வதுபோல.
ஐ.சி.எஃப்பில் வெல்டராக இருந்தவராம்.
அந்த 'இருந்த'வை யாரும் கேட்கவில்லை,
முட்டைப் பொடிமாஸ் வந்துவிட்டது.

மூன்றாம் வருஷம், ஒரு புதன்கிழமை,
வண்டிச் சாவி வாங்கப் போனேன்.
லைட் போடவில்லை. தனியாக இருந்தான்.
வழக்கமான பேப்பர் கப் இல்லை,
வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர்.
'தூக்கம் வரலடா.'
பதினாலு வயசிலிருந்தே வராதாம்.
அப்பா மிச்சம் வைத்ததில்
இரண்டு மூடி போதுமாம் அப்போது.

அப்போது என்றான்.
நான் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்,
மறுநாள் எனக்கு இன்டர்னல்.

அந்த நாட்களில் எல்லோரும் கவலைப்பட்டது
என்னைப் பற்றித்தான்.
தள்ளாடியவன், உளறியவன்,
சட்டையோடு வாடையை வீட்டுக்குக் கொண்டுபோய்
அம்மாவிடம் மாட்டியவன்.
என் குடலுக்கு என்னைவிட முன்யோசனை.
இரண்டாவது கட்டிங்கிலேயே மணி அடித்து
கேட்டை இறக்கிவிடும்.
அவன் உடம்பில் அந்த மணியைக் கட்டவே
யாரோ மறந்திருக்கிறார்கள்.
மணியும் இல்லை கேட்டும் இல்லை,
தண்டவாளத்தின் மேல் நிதானமாக
நடந்துகொண்டிருந்தான்.
அடடா, என்ன நடை என்று
ஓரமாக நின்று பார்த்தோம்.

பதினோரு வருஷம் கழித்துக் கீழ்ப்பாக்கத்தில்
ஒரு மறுவாழ்வு இல்லம்.
கவுன்சிலர் பெண் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்:
'ஆரம்பத்தில் போதை ஏற
எவ்வளவு தேவைப்படும்?'
அவன் மனைவி வைதேகி என்னைப் பார்த்தாள்.
அந்தக் காலம் அவளுக்குத் தெரியாது.
'ஏறாதுங்க' என்றேன்.
கேன்டீனில் சொன்ன அதே சொல்.
அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை.
எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.
'அதுதாங்க' என்றார்.
அப்புறம் அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தான் பரிதி.
இரண்டு கையாலும் பிடித்த டம்ளரில்
டீயின் ஆடை
நடுங்கி நடுங்கி ஓரத்தில் ஒட்டியது.
'நீ இன்னும் வாந்தி எடுக்கிறியாடா?'
'ரெண்டாவதுலயே.'
'குடுத்து வெச்சவன்' என்று சிரித்தான்.
பல் ஒன்று இல்லை. நான் கேட்கவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று
வாட்ச்மேன் கதவைத் தட்டினார்.
எழுந்தேன்.
அவனும் எழப் பார்த்தான், பழைய பழக்கம்.
'மழை வர மாதிரி இருக்கே,
எப்படிப் போவ' என்றான்,
'பஸ் இருக்குமா?'